துருப்பிடிக்காத குழாய்

குழாய் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.

டங். டங். டங்.

சந்திரமௌலி கண்ணைத் திறக்காமலே தலைமாட்டில் கையை விட்டுத் துழாவினார். அப்பளக் குழவி அகப்பட்டது. விசாலாக்ஷி இருந்தவரை சமையலறையில் இருந்த குழவி அது. இப்போது தலையணைக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. கட்டிலை ஒட்டி, தரையைத் துளைத்துக்கொண்டு வந்து கூரையைத் துளைத்துக்கொண்டு மொட்டைமாடித் தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாயில் ஓங்கி மூன்று போட்டார்.

"சனியனே! எழுந்துண்டுட்டேன், போறுமா?"

குழாய் அடங்கிவிட்டது. எப்போதும் அப்படித்தான். திருப்பி அடித்தால் அடங்கிவிடும். அடிக்காமல் விட்டால் விடாது. ஒருநாள் பொறுத்துப் பார்த்தார், குழாய் பொறுக்கவில்லை.

மனைவி போனபிறகு அவர் காலையில் பேசுகிற முதல் பேச்சு இந்தக் குழாயோடுதான். சில நாட்களில் கடைசிப் பேச்சும் அதுவாகவே இருந்துவிடுவதுண்டு.

கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த மூன்றடுக்கு வீடு. கீழே ஜரிகையும் பட்டனும் விற்கும் ஷரீஃப் பாயும் அவர் மனைவி ஹாஜிரா பீயும். நடுவில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தரும் ஜெயபாரதி. மேலே சந்திரமௌலி. மோட்டார் சுவிட்ச் கீழ் வீட்டில். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் ஷரீஃப் பாய் மோட்டாரைப் போடுவார். ஒரே குழாய் மூன்று வீட்டுச் சுவர்களையும் தொட்டுக்கொண்டு மேலே ஏறும். அந்த நேரத்தில்தான் இந்தச் சத்தம்.

சத்தத்துக்குக் காரணம் என்ன என்று சந்திரமௌலியிடம் யாரும் கேட்கத் தேவையில்லை. கேட்காமலே சொல்வார். ஓய்வு பெறும்வரை அவர் விற்றது கண்ணாடி இழைக் குழாய். கண்ணாடியை நூலாக இழுத்து, ரெசின் என்கிற பிசினில் தோய்த்து, சுற்றிச் சுற்றிச் செய்கிற குழாய். அமிலம் அரிக்காது, உப்புத் தண்ணீர் தின்னாது, துரு என்கிற வார்த்தையே அதற்குத் தெரியாது. உரத் தொழிற்சாலை, காகித ஆலை, தோல் பதனிடும் இடம் என்று தமிழ்நாடு முழுக்க அலைந்து விற்றவர். கல்யாண வீடுகளுக்குப் போனால் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, டாக்டர் இருமலைக் கேட்பதுபோலக் குழாயைத் தட்டிப் பார்ப்பார். "இது இன்னும் ரெண்டு வருஷம்" என்பார். மாப்பிள்ளை வீட்டார் கலவரப்படுவார்கள்.

ஊரில் உள்ள குழாய்களுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்தே சொல்லத் தெரிந்தவருக்கு, கூடவே இருந்த ஒருத்தியின் சிறுநீரகம் அரித்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. போன ஆவணியில் விசாலாக்ஷி போய்விட்டாள். அந்த வருஷம்தான் ஊருக்கும் பெயர் மாறியது. ஒருநாள் தபாலில் மெட்ராஸ், மறுநாள் சென்னை. அவருக்கு எல்லாமே மாறிப்போன வருஷத்தில் இது மட்டும் என்ன என்று இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பம்பாயிலிருந்து நீரஜா போன் செய்தாள்.

"என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கம் சரியில்லை. இந்தக் குழாய் விடியக்காலைல உயிரை வாங்கறது."

"எந்தக் குழாய்?"

"தலைமாட்டுக் குழாய்தான். இரும்பு. உள்ளே துரு ஏறி அடைச்சுண்டிருக்கு. மோட்டார் போட்டா காத்து மாட்டிண்டு டங்கு டங்குனு அடிக்கறது. நான் திருப்பி அடிச்சா காத்து உடைஞ்சு நின்னுடறது."

"அப்பா, நீங்க தினம் குழாயோட சண்டை போடறேளா?"

"சண்டை இல்லைடி. வைத்தியம்."

"போறும்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் அங்கே இருப்பேன். ஆத்தை வாடகைக்கு விட்டுட்டு என்னோட கிளம்புங்கோ."

"எனக்கு இங்கே என்ன குறைச்சல்?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேள்னா யாருக்குத் தெரியும்? சொல்லுங்கோ. பால் பாக்கெட் வாசல்லயே கிடந்தா, மறுநாளோ அதுக்கு மறுநாளோ யாராவது எட்டிப் பாப்பா. அதுவரைக்கும்?"

இந்தக் கேள்வியை அவள் போன மாதமும் கேட்டாள். அதற்கு முந்தைய மாதமும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் பேச்சை மாற்றினார். பம்பாயில் மகள் வீட்டில் அவருக்குக் காத்திருப்பது ஹாலில் ஒரு சோபா. பகலில் உட்கார, இரவில் நீட்டிப் படுக்க. அதில் குறை இல்லை. ஆனால் இந்த வீட்டுக் கட்டிலின் சுவர்ப்பக்கம் இன்னும் விசாலாக்ஷியுடையது. அந்தப் பக்கம் அவர் புரண்டு படுப்பதில்லை. அதைக் கட்டிப் பார்சல் செய்து ரயிலில் ஏற்ற முடியாது. இதை மகளிடம் எப்படிச் சொல்வது?

எனவே வேறு ஒன்றைச் சொன்னார். "நீ வர அன்னிக்குக் குழாய் சத்தம் போட்டா, நான் உன்னோட வரேன். போடலைன்னா பம்பாய்ப் பேச்சை எடுக்கப்படாது."

"சரி. பாப்போம்."

மறுநாளே பிளம்பர் கபாலியைக் கூப்பிட்டார். கபாலி குழாயைத் தடவினான், காதை வைத்தான், முகர்ந்துகூடப் பார்த்தான்.

"பைப்பு கல்லு மாரி கீது சார். இதுக்கு ஒண்ணும் கேடு இல்ல."

"நீ எனக்குச் சொல்றியா? உள்ளே பூரா துரு."

"எங்க சார் துரு? சும்மா சந்தேகப்படாத சார். வயசான பைப்பு, நல்ல பைப்பு."

"இப்படிக் குடு அந்தச் சுத்தியலை."

தன் வாதத்தை நிரூபிக்கச் சந்திரமௌலி ஒரே அடி அடித்தார். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்த நேரம். குழாயின் இடுப்பில் ஒரு துவாரம் விழுந்து, அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கபாலியின் நெற்றிப்பொட்டில் அடித்தது.

கபாலி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இப்ப தெர்து சார், துரு."

துவாரத்தில் துணியைச் சுற்றினார்கள். துணி நனைந்து கழன்றது. ரப்பர் டியூபை வைத்துக் கம்பியால் முறுக்கினார்கள். கம்பியை முறுக்க முறுக்கக் குழாய் வாய் பிளந்துகொண்டே போயிற்று. ஷரீஃப் பாய் மோட்டாரை நிறுத்துவதற்குள் கட்டிலடியில் குளம் கட்டிவிட்டது. குளம் அங்கேயே நிற்குமா? கீழே இறங்கியது.

ஜெயபாரதி மேலே ஏறி வந்தபோது அவள் கையில் ஈரக் கட்டு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சார் இது? பத்தாங்கிளாஸ் கணக்குப் பேப்பர் மொத்தமும் ஊறிப் போச்சு. நேத்து ராத்திரிதான் திருத்தி முடிச்சேன். ஃபெயிலான பசங்கல்லாம் சேர்ந்து உங்களுக்கு மாலை போட வரப் போறாங்க."

"மன்னிச்சுக்கோம்மா. இந்தக் குழாயையே தூக்கி எறிஞ்சுட்டு எங்க கம்பெனிக் குழாயைப் போடப் போறேன். அப்புறம் உன் பேரன் காலம் வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகாது."

ஜெயபாரதி தயங்கினாள். "கீழ்வீட்டம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. ஓட்டையை மட்டும் அடைச்சாப் போதுமாம். பைப்பை மாத்த வேணாமாம்."

"ஏனாம்?"

"தெரியலை சார். பழைய பைப்பே இருக்கட்டும்னாங்க."

"ஜரிகைக்காரா ஆத்துல குழாயைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் சந்திரமௌலி.

ஹாஜிரா பீ அவரோடு நேரில் பேசியதே இல்லை. படியில் எதிரே வந்தால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். அவளுடைய சகவாசமெல்லாம் விசாலாக்ஷியோடுதான். கடைசி மாதங்களில் விசாலாக்ஷி சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கிப் போய், ஹாஜிரா பீ வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். "படி இறங்காதேன்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கறார். அப்படி என்ன பேச்சு அங்கே?" என்று இவர் கத்துவார். "ஒரு காரியமாப் போனேன்" என்பாள். என்ன காரியம் என்று இவர் கேட்டதில்லை. கேட்காமல் விட்டவை நிறைய இருந்தன. அதில் இதுவும் ஒன்று.

தி. நகரில் பழைய அலுவலகத்துக்குப் போனார். எல்லாரும் எழுந்து நின்றார்கள், காப்பி வந்தது. அவருடைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருந்தவர் சமாசாரத்தைக் கேட்டுக் கொஞ்சம் இருமினார்.

"சார், நம்ம குழாய் கந்தக அமிலத்துக்கு சார். கார்ப்பரேஷன் தண்ணிக்கு இல்லை."

"அமிலத்தையே தாங்கறது தண்ணியைத் தாங்காதா?"

"தாங்கும் சார். ஆனா நம்மகிட்ட இருக்கறதுலயே சின்னது இதுதான்."

வெளியே எடுத்துவந்து காட்டினார்கள். ஏதோ ஓர் ஆலைக்குப் போட்டதில் மிச்சமான துண்டு. இளம்பச்சை நிறம், பூசணிக்காய் நுழையாவிட்டாலும் புடலங்காய் தாராளமாக நுழையும் அகலம். வீட்டுக் குழாய் கட்டைவிரல் தடிமன். சந்திரமௌலி யோசிக்கவில்லை. சரிதான், எடுத்து ஏற்றுங்கள் என்றார்.

ஆட்டோவில் அது குறுக்காகத்தான் அடங்கியது. இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. பாண்டி பஜார் நெரிசலில் ஆட்டோ ஒரு வளைப்பு வளைத்தது. நடைபாதைக் கடையில் தொங்கிய பூப்போட்ட நைட்டி ஒன்று குழாய் முனையில் மாட்டிக்கொண்டு ஆழ்வார்பேட்டை சிக்னல்வரை பறந்து வந்தது. சிக்னலில் நின்ற போலீஸ்காரர் குனிந்து பார்த்தார்.

"இன்னா நைனா, எந்தக் கட்சி கொடி இது?"

திரும்பிப் போய் நைட்டியைக் கொடுத்தார்கள். கடைக்காரி வாங்கிக்கொள்ளவில்லை. கிழிந்துவிட்டது, நீயே கட்டிக்கோ என்றாள். காசு கொடுத்துவிட்டு அதையும் மடித்து எடுத்துக்கொண்டு வீடு வந்தார்.

கபாலி புதுக் குழாயைச் சுற்றிவந்து பார்த்தான். "சார், இதுல மரை எப்டி போடறது?"

"இதுக்கு மரை கிடையாது. ரெண்டு முனையையும் ஒட்டவெச்சு, கண்ணாடித் துணியை ரெசின்ல நனைச்சுச் சுத்தணும். அதான் ஜாயிண்ட்."

"நீ சுத்திக்கீறியா சார்?"

சந்திரமௌலி ஆயிரக்கணக்கில் ஜாயிண்டுகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். சுற்றியது இல்லை.

அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கபாலி தன் வழக்கப்படி மொட்டைமாடியில் வைத்து மரை போட்டுப் பார்த்தான். குழாய் நார்நாராகப் பிரிந்தது. அந்தப் பகுதியை ரம்பத்தால் அறுத்துத் தள்ளினான். கண்ணாடித் தூள் வெயிலில் மினுமினுத்துக்கொண்டு கிளம்பி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஜெயபாரதியின் புடவைகள்மேல் பூவாக இறங்கியது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பலகையில் கணக்கு எழுதிவிட்டு அதே பலகையில் முதுகைத் தேய்த்துக்கொண்டதாகப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். கபாலிக்குக் கழுத்தில் அரிப்பு. சந்திரமௌலிக்கு உடம்பு பூராவும்.

இரும்புக் குழாயை அவர் வீட்டு அளவுக்கு மட்டும் அறுத்து எடுத்தாகிவிட்டது. புதியது இன்னும் நிற்கவில்லை. தொட்டியில் தண்ணீர் இல்லை. மூன்று வீட்டாரும் தெருமுனையில் லாரிக்குக் குடம் தூக்கினார்கள். யாரும் வாய்விட்டுத் திட்டவில்லை. பெண்டாட்டியை இழந்த மனுஷர் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

ஷரீஃப் பாய் மட்டும் விசித்திரமாக நடந்துகொண்டார். குழாயை எடுத்த மறுநாள் விடியற்காலை வந்து கதவைத் தட்டினார்.

"சார், எழுந்துட்டீங்களா?"

"எழுந்துண்டாச்சு. என்ன பாய்?"

ஷரீஃப் பாய் தாடியைச் சொறிந்தார். "ஒண்ணுமில்ல. இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"ஆங். சரி, சரி." இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை தீப்பெட்டி இருக்கிறதா என்று வந்தார். கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமலே போனார். அதற்கு அடுத்த நாள் காரணம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை. முகத்தைப் பார்த்தார், "சும்மாதான் சார்" என்றார், திரும்பினார். தண்ணீர் இல்லாத கோபத்தை மனிதர் எவ்வளவு நாசூக்காகக் காட்டுகிறார் என்று சந்திரமௌலி கூசிப்போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் ஜாயிண்ட். சீக்கிரம் இறுகட்டும் என்று கெட்டிப்படுத்தும் திரவத்தை இரண்டு மடங்காக ஊற்றினார். பிளாஸ்டிக் வாளியில் கிளறினார். அது வழவழவென்று தேன் மாதிரி இருந்தது. பிறகு அல்வா மாதிரி ஆனது. கண்ணாடித் துணியை எடுக்கக் கபாலி திரும்பிப் பார்ப்பதற்குள் கல்லாகிவிட்டது. பிரஷ் அதில் கொடிமரம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. வாளி சூடாகி, உருகி, புகைய ஆரம்பித்தது. மூக்கைத் துளைக்கும் வாடை படியிறங்கிக் கீழே போயிற்று.

"கேஸ் லீக்!" என்று, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த ஜெயபாரதி கத்தினாள்.

மூன்று வீட்டோடு பக்கத்து வீடுகளும் தெருவுக்கு ஓடிவந்தன. ஹாஜிரா பீயும் வந்தாள். அவள் மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, கத்தவுமில்லை. மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். கைப்பிடிச் சுவருக்கு மேலே சந்திரமௌலியின் தலை தெரிந்ததும் வீட்டுக்குள் போய்விட்டாள்.

"இன்னா சார் இது, கொஞ்சம் விட்டா நம்மள தூக்கினு போயிருப்பானுங்க" என்றான் கபாலி.

சனிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்தபிறகு மறுபடி முயன்றார்கள். ஊர் ஊராகப் போய் வாடிக்கையாளர்களிடம் தானே ஒப்பித்த பாடம் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெயில் ஊரில் திரவத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். குறைத்தார்கள். துணியை நனைத்தார்கள், சுற்றினார்கள், காற்றுக் குமிழியை உருட்டி வெளியேற்றினார்கள். பெரிய குழாயும் சின்னக் குழாயும் சேர்கிற இடம் யானைக்கால் நோய் வந்த கால்போல இருந்தது. இருக்கட்டும். இறுகியது. ஷரீஃப் பாய் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் ஏறித் தொட்டியில் விழுந்தது. எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

கபாலி குழாயில் காதை வைத்தான். "சத்தமே இல்ல சார். பொணம் மாரி கீது."

"பாத்தியா? இதான் எங்க குழாய்."

கபாலி போனபிறகு சந்திரமௌலி அப்பளக் குழவியை எடுத்துப் புதுக் குழாயில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பொத். தலையணையில் குத்தியது மாதிரி. இன்னொரு தட்டு. பொத். அந்தச் சத்தம் அவர் காதைத் தாண்டிப் போகவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். நாளைக்கு நீரஜா வருவாள், காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவாள், சத்தம் வராது. கட்டில், சுவர்ப்பக்கம், பீரோவில் மடித்து வைத்த புடவைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நாளைக் காலையில் யாரை "சனியனே" என்று கூப்பிடுவது என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. அசட்டு நினைப்பு. தள்ளிவிட்டுக் குழவியைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தார்.

உடம்பு அரிப்புத் தாங்கவில்லை. மருந்துக்கடையில் கொடுத்த வெள்ளைக் குழம்பை முகத்திலிருந்து முழங்கால்வரை அப்பிக்கொண்டார். மாத்திரை ஒன்று போதும், தூக்கம் வரும் என்று சொல்லித்தான் கொடுத்தான் கடைக்காரன். அரித்த அரிப்பில் இரண்டாகப் போட்டுக்கொண்டு படுத்தார். விசாலாக்ஷி போனபிறகு அவர் அப்படித் தூங்கியதில்லை.

வீடே இடிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தத்தில் விழித்தார்.

ஜன்னலில் நன்றாக வெயில் ஏறியிருந்தது. வாசல் பக்கம் ஒரே கூக்குரல். தள்ளாடி எழுந்து ஹாலுக்கு வந்தார். கதவு இல்லை. கதவு தரையில் கிடந்தது. அதன்மேல் கபாலி கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஷரீஃப் பாய், ஜெயபாரதி, எதிர்வீட்டுக்காரர்கள், பேர் தெரியாத இரண்டு பேர். வெள்ளைக் குழம்பு காய்ந்து வெடித்த முகத்தோடு அவரைப் பார்த்ததும் கபாலி கடப்பாரையைப் போட்டுவிட்டான்.

"ஐயோ! எய்ந்து வந்துட்டாரு!"

"யாருடா எய்ந்து வந்தா? என் கதவை எதுக்குடா உடைச்சே?"

"சார் உசுரோடதான் கீறாரு!" என்று கபாலி படிக்குக் கீழே பார்த்துக் கத்தினான். கீழே யாரோ அழுதுகொண்டிருந்த சத்தம் நின்றது.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவிலிருந்து இறங்கியிருந்தாள் நீரஜா. வாசலில் கூட்டம். படியெல்லாம் ஆட்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு, "அப்பா! அப்பா!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தவள், விழுந்த கதவையும் வெள்ளையாக நின்ற அப்பாவையும் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லைடி. இது அரிப்பு மருந்து. மாத்திரை போட்டுண்டு தூங்கிட்டேன், அவ்வளவுதான்."

"நாங்க எவ்வளவு நேரமா கதவைத் தட்டறோம் தெரியுமா சார்?" என்றாள் ஜெயபாரதி.

"ஞாயித்துக்கிழமை காலைல மனுஷன் தூங்கப்படாதா? உன்னை யாரும்மா தட்டச் சொன்னா?"

"பாய்தான் வந்து கூப்பிட்டார். உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னார்."

சந்திரமௌலி கபாலியின் பக்கம் திரும்பினார். "நீ எங்கேருந்துடா வந்தே?"

"பாய் சைக்கிள்ல வந்து கையோட இஸ்துனு வந்துட்டாரு சார். கடப்பாரை எட்துக்கோன்னாரு."

"பாய், நான் நன்னாத்தானே இருக்கேன்? எனக்கு என்ன ஆச்சுன்னு நினைச்சேள்? யார் சொன்னா?"

ஷரீஃப் பாய் தாடியைச் சொறிந்தார். "வீட்டுல சொன்னாங்க சார்."

எல்லாரும் படிப்பக்கம் பார்த்தார்கள். ஹாஜிரா பீ மூச்சு வாங்க ஏறி வந்து திருப்பத்தில் நின்றிருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நீரஜா எழுந்தாள். முகத்தில் இப்போது பயம் வடிந்து கோபம் வந்திருந்தது. மற்றவர்களை அவள் கவனிக்கவில்லை.

"இதுக்குத்தாம்பா நான் அடிச்சுக்கறேன். இன்னிக்கு மாத்திரை, பொழைச்சேள். நாளைக்கு நிஜமாவே விழுந்து கிடந்தேள்னா? குழாய் சத்தம் நின்னா ஆச்சா? பெட்டியைக் கட்டுங்கோ. நீங்க இருக்கேளா போயிட்டேளான்னு இங்கே யாருக்குத் தெரியும்? சொல்லுங்கோ, யாருக்குத் தெரியும்?"

சந்திரமௌலி விழுந்து கிடந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹாஜிரா பீ சுவரோரம் ஒதுங்கவில்லை. முந்தானையை விட்டுவிட்டு, முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"உங்க பைப்புல ஒரு கோளாறும் இல்ல சார், விசாலாக்கா போறதுக்கு முன்னாடி உங்களைப் பாத்துக்கச் சொல்லி என் கையைப் புடிச்சுக் கேட்டுக்கிட்டாங்கன்னு தினம் தொழுதுட்டு வந்து கீழேருந்து அதைத் தட்டுறவ நான்தான், நீங்க மேலேருந்து திட்டிக்கிட்டே திருப்பித் தட்டுனா நல்லாயிருக்கீங்கன்னு அடுப்பை மூட்டப் போவேன், இன்னிக்கு எத்தனை தட்டியும் உங்க பதில் வரலியே சார்."